ஷீபாவின் அறுபது வினைச்சொற்கள்

ஷீபா கொரியன் மொழி கற்றுக்கொண்டது பதவி உயர்வுக்காக இல்லை. கொரியன் தொடர்களைப் பார்த்து மயங்கியும் இல்லை. அதற்கெல்லாம் அவளுக்குப் பொழுது ஏது? சுவரில் மாட்டியிருந்த ஒரு தாளைக் கழற்ற வேண்டியிருந்தது. அதற்காகத்தான், எட்டாம் வகுப்பிலேயே இலக்கணத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வெளியே வந்தவள், நாற்பது வயதில் அந்நிய பாஷை ஒன்றின் வினைச்சொற்களை உருப்போட ஆரம்பித்தாள்.

தாள் என்றதும் ஏதோ பிட் நோட்டீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். லேமினேஷன் செய்து, நாலு மூலையிலும் திருகு போட்டு, ஒரகடத்தில் இருந்த அந்தக் கம்பெனியின் கேன்டீனுக்குப் போகிற வழியில், யாரும் பார்க்காமல் தாண்ட முடியாத இடத்தில் மாட்டியிருந்தார்கள். மேலே ‘விபத்துப் பாடம், எண் 4’ என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே, பிரஸ் மெஷினுக்குள் பாதி உடம்பை நுழைத்து நிற்கும் ஒரு ஆளின் கோட்டுப்படம். வரைந்த புண்ணியவான் அந்த ஆளுக்கு அடர்த்தியாக மீசை வைத்திருந்தான். யேசுராஜுக்கு மீசையே கிடையாது. கல்யாணத்தன்றுகூட வழவழவென்றுதான் இருந்தான். படத்துக்கு அடியில் மூன்றே வரி: ‘ஏழாம் எண் பிரஸ்ஸில் சிக்கிய தகட்டை எடுக்கச் சென்ற பராமரிப்புப் பிரிவு திரு. யே. உயிரிழந்தார். காரணம்: பூட்டு போடவில்லை. சொந்த அலட்சியம்.’

திரு. யே. என்கிற யேசுராஜ் ஷீபாவின் புருஷன்.

அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கார் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனி அது. பிரஸ் ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். அதைப் பழுது பார்க்கிற மெக்கானிக் ஒவ்வொருவனுக்கும் சொந்தமாக ஒரு சிவப்புப் பூட்டு. அதில் அவன் போட்டோ தொங்கும். மெஷினை அணைத்து, ஸ்விட்சின் மேல் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே கை வைக்கலாம். போட்டவன் வெளியே வந்து தன் கையால் திறக்கிற வரைக்கும் எம்.டி.யே வந்து நின்றாலும் மெஷின் அசையாது. யேசுராஜ் பதினோரு வருஷம் அப்படிப் பூட்டியவன். வீட்டில் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். அவர்கள் குடியிருந்த சேரப்பணஞ்சேரியில் அதைச் சொல்லி அவனைக் கேலி செய்யாதவர் கிடையாது. அவனைப் போய் அலட்சியம் என்று எழுதிவிட்டார்களே என்று ஷீபாவுக்கு வயிறு எரிந்தது.

அவன் செத்து மூன்றாம் மாதம் கம்பெனி அவளைக் கூப்பிட்டு கேன்டீனில் வேலை கொடுத்தது. கொரியர்கள் சாப்பிடுகிற கண்ணாடித் தடுப்புக்குள் சோறு, சூப், கிம்ச்சி எடுத்து வைக்கிற வேலை. கேன்டீன் பொறுப்பாளர் வனமாமலை நாங்குநேரிப் பக்கத்து ஆள். “இங்க நின்னுக்கிடும்மா, அந்தப் பக்கம் அறுநூறு பேரு, இந்தப் பக்கம் இருபதே பேருதான்” என்று நல்ல மனசோடுதான் நிறுத்தினார். ஆனால் அந்த இடத்திலிருந்து பார்த்தால் நேர் எதிரே தாள். சோறு அள்ளும்போதும் தாள், தட்டு துடைக்கும்போதும் தாள்.

அதைக்கூடச் சகித்துக்கொண்டிருப்பாள். புது டிரெய்னிகள் வரும் திங்கட்கிழமைகளைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. சேஃப்டி ஆபீசர் சுபாஷ் இருபது முப்பது பிள்ளைகளை அந்தத் தாளின் முன்னால் நிறுத்துவார்.

“இவர் பண்ண தப்பு இன்னா?”

“லாக் போடல சார்!”

“ஏன் போடல?”

“அலட்சியம் சார்!”

யாராவது ஒருவர் தனியாக, சத்தமாகச் சொல்லிவிட்டால் சுபாஷ் எல்லோரையும் கை தட்டச் சொல்வார். ஒவ்வொரு கோஷ்டியும் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போகும். ஷீபா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஃப்ரீஸர் அறைக்குள் போய் நின்றுகொள்வாள்.

ஒருநாள் சுபாஷிடமே கேட்டாள். “சார், அந்தத் தாள எடுத்துட மாட்டீங்களா? வேற எதனா ஒட்டுங்களேன்.”

சுபாஷ் கெட்டவர் இல்லை. சட்டப்படி நடக்கிறவர், அவ்வளவுதான். “நான் எடுக்க முடியாதுக்கா. ரிப்போர்ட்டுல இன்னா கீதோ அதான் ஷீட்டுல வரும். ரிப்போர்ட்டு மாறினாத்தான் ஷீட்டு மாறும்.”

“ரிப்போர்ட்டு எப்போ சார் மாறும்?”

“பக்கத்துல இருந்தவங்க வேற மாதிரி எழுதிக் குடுத்தா மாறும்.”

பக்கத்தில் இருந்தவர் யார் என்பது ஷீபாவுக்குத் தெரியும். அடக்கத்துக்கு வந்த கான்ட்ராக்ட் ஹெல்பர் ஒருவன் அழுதுகொண்டே சொன்னான்: “யூன் சார்தாங்க்கா அண்ணன் பக்கத்துல நின்னுகினு இருந்தாரு.” அடுத்த வாரமே அவனுடைய கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, ஊரில் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. ரிப்போர்ட்டில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டதும் அதே யூன் சார்தான். பிரஸ்களைக் கவனிக்க கொரியாவிலிருந்து வந்த டெக்னீஷியன், ஐம்பதைத் தாண்டியவர், தினம் ஒன்றரை மணிக்கு வந்து மூலை மேஜையில் தனியாகச் சாப்பிடுவார். தனக்குச் சோறு வைக்கிற பெண் யார் என்று அவருக்குத் தெரியாது. தொப்பியும் மாஸ்க்கும் போட்ட ஒரு கேன்டீன் அம்மா, அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு பெண் இருந்தாள். அறிவுமதி, காஞ்சிபுரம், இருபத்தாறு வயசு. ஷீபா அவளைத் தனியாகப் பிடித்து, யூன் சாரிடம் தனக்காக ஒரே ஒரு கேள்வி கேட்க முடியுமா என்றாள். கேள்வியைக் கேட்டதும் அந்தப் பெண் முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, அவங்க சொல்றத உங்களுக்குச் சொல்றதுதான் என் வேலை. நானா எதுவும் கேக்கக் கூடாது. என்னை விட்ருங்கக்கா.”

சரி, அப்படியானால் நானே கேட்டுக்கொள்கிறேன் என்று ஷீபா முடிவு செய்தாள். வீம்புதான். புருஷன் இருந்தால், உனக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டிருப்பான்.

கொரியர்களோடு புழங்குகிறவர்களுக்கு ஹெச்.ஆர். ஒரு ஜெராக்ஸ் கொடுத்திருந்தது: அடிப்படை வினைச்சொற்கள், மொத்தம் அறுபது, பக்கத்தில் தமிழ் அர்த்தம். அதை நாலாக மடித்து ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டாள். காதா, போ. ஓதா, வா. போதா, பார். மோக்தா, சாப்பிடு. ஹாதா, செய். எல்லா வார்த்தையும் ‘தா’ ‘தா’ என்றே முடிந்தது. இவ்வளவு வாங்கியும் இன்னும் தா என்கிறார்களே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெங்காயம் நறுக்கும்போது அஞ்சு வார்த்தை, கம்பெனி பஸ்ஸில் படப்பை வருவதற்குள் அஞ்சு வார்த்தை. இன்று ஏறியது நாளைக்கு இறங்கிவிடும். மறுபடி ஏற்றுவாள்.

சாயங்காலம் மகள் ஜெர்சி பரீட்சை வைப்பாள். டிப்ளமோ கடைசி வருஷம். அம்மா கேன்டீன் சூப்பர்வைசர் ஆகப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஷீபாவும் அப்படியே நினைக்க விட்டாள்.

“கிதாரிதா?”

“இரு, இரு, சொல்லாத. காத்திரு!”

“அல்தா?”

“தெரியும்.”

“மொருதா?”

“தெரியாது.”

“இன்னாம்மா, தெரியும்ன்றியா தெரியாதுன்றியா?” என்று ஜெர்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பன் செத்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

முதல் தடவை வாயைத் திறந்தபோதே ஷீபா வாங்கிக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியது. லைனில் வேலை செய்கிற பையன்களிடம், சாப்பிடுங்க என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தாள். அவர்கள் தங்கள் காதில் விழுந்ததைச் சொன்னார்கள். ஷீபா சூப்பை யூன் சார் முன்னால் வைத்து, தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, “மொகோ!” என்றாள். கண்ணாடித் தடுப்புக்குள் ஸ்பூன் சத்தம் நின்றுபோனது. சின்னப் பிள்ளைகளிடமும் தனக்குக் கீழே இருப்பவர்களிடமும் சொல்கிற ‘தின்னு’ அது. அந்தக் கம்பெனியில் நம் ஆட்கள் கற்ற கொரியன் எல்லாமே மேலேயிருந்து அதட்டலாக வந்து விழுந்த கொரியன். அதை அப்படியே திருப்பி மேலே எறிந்த முதல் ஆள் ஷீபாதான்.

யூன் சார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, விரலை ஆட்டி, “நோ மொகோ. துசெயோ” என்று மரியாதையான வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து தினம் ஒன்றரை மணிக்குப் பாடம். அந்த மனுஷருக்கும் பேச ஆள் இல்லை. கை ஜாடை, அரைகுறை இங்கிலீஷ், போனில் படம் என்று எதையாவது வைத்துப் புரிய வைத்துவிடுவார். அவள் சரியாகச் சொன்னால் மேஜையைத் தட்டுவார். “ஷீபாஸ்ஸி” என்றுதான் கூப்பிடுவார்; நம் ‘அவர்களே’ மாதிரி மரியாதை. வந்ததும் முதல் கேள்வி, “மொகொஸ்ஸொயோ?” சாப்பிட்டீங்களா? நம்மைப் போலவே இவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள் என்று ஷீபாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இறந்துபோன புருஷனுக்குப் பிறகு அவள் சாப்பிட்டாளா என்று தினமும் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். கேட்ட மாத்திரத்தில் அவளுக்கு மனசு இளகும்; உடனே தன் மேலேயே ஆத்திரம் வரும். எதற்காகக் கற்கிறோம் என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ள எதிர்ச் சுவரைப் பார்ப்பாள்.

நாற்பத்தொன்றாவது வார்த்தை ‘ஷிகிதா.’ பக்கத்தில் ‘செய்ய வை’ என்று போட்டிருந்தது. அவளுக்கு விளங்கவில்லை. ஜெராக்ஸை அவரிடம் நீட்டினாள். யூன் சார் உற்சாகமாக எழுந்து நின்றார். நெஞ்சைத் தொட்டு, விரலால் எதிரே காட்டி அதட்டுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “மீ, ஷிகிதா” என்றார். அப்புறம் எதிர்ப்பக்கம் ஓடி வந்து, குனிந்து வேலை செய்கிற மாதிரி கையை ஆட்டி, “யூ, ஹாதா” என்றார். நான் செய்யச் சொல்கிறேன், நீ செய்கிறாய்.

ஷீபா சிரிக்கவில்லை. அந்த வார்த்தைக்கு நேரே பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். அவளுக்கு வேண்டிய வார்த்தை கிடைத்துவிட்டது.

கேள்வியை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். பயம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை: கேட்டுவிட்டால் அதோடு அந்த ஒன்றரை மணிப் பாடம் முடிந்துவிடும்.

ஆனால் ஜூன் கடைசியில் இரண்டு செய்தி ஒரே வாரத்தில் வந்தது. யூன் சார் கொரியாவுக்கே திரும்பிப் போகிறார், சனிக்கிழமை விமானம். கேம்பஸ் இன்டர்வியூவில் ஜெர்சிக்கு வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேர வேண்டும். இதே கம்பெனி, இதே பிரஸ் ஷாப். ஜெர்சி ஆர்டரைக் காட்டிக் குதித்தாள். நாலு கம்பெனி வேண்டாம் என்ற பிறகு கிடைத்த வேலை. ஷீபா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஆர்டரில் ஒரு எழுத்தும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை அந்தத் தாளின் முன்னால் வரிசையில் நிற்கப்போவது தன் மகள், உன் அப்பன் செய்த தப்பு என்ன என்று கேட்கப்போவது சுபாஷ் என்பது மட்டும்தான் தெரிந்தது. தாளில் பேர் இல்லை. டிரெய்னிகளில் யாருக்கும் தெரியாது. ஜெர்சி படித்ததும் தெரிந்துகொள்வாள்.

வெள்ளிக்கிழமை யூன் சார் எல்லோரும் போன பிறகு, மூன்று மணிக்கு மேல்தான் சாப்பிட வந்தார். முகம் நிறைய சந்தோஷம். சூப் வைத்த ஷீபாவை நிற்க வைத்து, “எத்தனை வார்த்தை?” என்று விரல்களால் கேட்டார். அவள் கொரியனிலேயே, “யேசுன்” என்றாள். அறுபது. அவர் மேஜையைத் தட்டினார்.

“டுடே எக்ஸாம்! யூ ஆஸ்க், மீ ஆன்சர்!”

ஷீபா மாஸ்க்கைக் கழற்றினாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

“சில்போன் பிரஸ்” என்றாள். ஏழாம் எண் பிரஸ். “யேசுராஜ்.”

ஸ்பூன் சூப்புக்குள் நின்றது.

“ப்வாஸ்ஸொயோ?” பார்த்தீர்களா?

அவர் அவளையே பார்த்தார். “ஒய்?” என்றார், குரல் எழும்பாமல்.

“நாம்ப்யொன்.” புருஷன். அது ஜெராக்ஸில் இல்லாத வார்த்தை. ஜெர்சியின் போனில் தேடி எடுத்திருந்தாள். அவர் முகம் சுண்டிப்போவதைப் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை. பத்து மாதமாக அவள் சுமந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள். “ஷிக்யொஸ்ஸொயோ?” நீங்களா செய்யச் சொன்னீர்கள்?

யூன் சார் ஸ்பூனை எடுத்துத் துடைத்து, மேஜையில் நேராக வைத்தார்.

“மொல்லாயோ” என்றார். தெரியாது. அப்புறம் இங்கிலீஷில், அவளைப் பார்க்காமல்: “யுவர் கொரியன்… ஐ நோ அண்டர்ஸ்டாண்ட்.”

நாலு மாதமாக அவள் சொன்ன பாதி வார்த்தையைக்கூட முழுசாகப் புரிந்துகொண்டவர். உச்சரிப்பு திருத்தியவர். அவருக்கு இப்போது அவள் பேசுவது புரியவில்லையாம். ஷீபாவுக்கு அழுகை வரவில்லை. ஒரு கோபம் கிளம்பி, எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது.

அவர் போனை எடுத்து அறிவுமதியைக் கூப்பிட்டார். அந்தப் பெண் ஓடி வந்தாள். யூன் சார் அவளிடம் பேசினார். வேகமாக, தலையைக் குனிந்தபடி, நிறுத்தாமல் மூன்று நிமிஷம் பேசியிருப்பார். அந்த வெள்ளத்தில் ஷீபாவுக்குப் பிடி கிடைத்தது சில வார்த்தைகள்தான். ‘போ’ என்று ஒன்று. ‘பார்’ என்று ஒன்று. ‘ஜேகா’ என்றால் நான் என்பது தெரியும்; அது திரும்பத் திரும்ப வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு ஷிக்யொஸ்ஸொயோ வந்தது. இரண்டு முறை.

பேசி முடித்து அவர் எழுந்தார். ஷீபாவின் எதிரே வந்து, இடுப்பு மடியக் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. பிறகு சாப்பிடாத சூப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

“இன்னா மதி சொன்னாரு?”

“நீங்க பேசினது அவருக்குப் புரியலையாம்க்கா. உங்க வீட்டுக்காரர் விஷயம் இப்பதான் தெரியுமாம். ரொம்ப வருத்தமாம்.”

“அவ்ளோதானா? மூணு நிமிசம் பேசினாரே.”

“அவ்ளோதான்க்கா.”

ஷீபா அவள் கையைப் பிடித்து, பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். குழாயைத் திறந்துவிட்டாள்.

“ஜேகா ஷிக்யொஸ்ஸொயோன்னாரு. ரெண்டு வாட்டி சொன்னாரு. அந்த வார்த்தய எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதாம்மா.”

அறிவுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். “அக்கா, எனக்கு இந்த வேலை வேணும். வெளிய போய் நான் சொன்னேன்னு சொன்னீங்கன்னா, நான் சொல்லவே இல்லன்னுதான் சொல்லுவேன்.”

“யாராண்டயும் சொல்ல வேணாம். எனக்கு மட்டும் சொல்லு. அவரு சொன்னத அப்டியே சொல்லு. உன் வேலையே அதானே?”

அந்தப் பெண் கண்ணை மூடினாள். மீட்டிங்கில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றாள். மொழிபெயர்க்கிறவர்கள் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்ல மாட்டார்கள். பேசுகிறவரின் ‘நான்’ அவர்கள் வாயில் அப்படியே வரும். பழக்க தோஷம்.

“நான்தான் செய்யச் சொன்னேன். லாக் போட்டா மெஷினை மறுபடி ஸ்டார்ட் பண்ண இருபது நிமிஷம் ஆகும். அன்னைக்கு அந்த இருபது நிமிஷம் என்கிட்ட இல்ல. அவர் பூட்டைக் கையில எடுத்தார். நான் வேணாம்னேன், சும்மா உள்ள போன்னேன். அவர் ரெண்டு தடவை என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் போனார். அந்தப் பக்கம் இருந்தவனுக்கு உள்ள ஆள் இருக்கறது தெரியாது, பட்டனை அழுத்திட்டான். ரிப்போர்ட்ல அலட்சியம்னு எழுதியிருந்தது, நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஊர்ல பொண்ணு இருக்கா.” அறிவுமதி மூச்சை இழுத்துக்கொண்டாள். கடைசி வாக்கியத்தையும் விடவில்லை. “இதை இந்த அம்மாகிட்ட சொல்லாதே.”

குழாய்த் தண்ணீர் தொட்டி நிரம்பி வழிந்தது. அறிவுமதி அழுதுகொண்டே போய்விட்டாள். ஷீபா அங்கேயே நின்றாள். யேசுராஜ் இரண்டு தடவை முகத்தைப் பார்த்தான் என்பது மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. சிலிண்டரை மூன்று தரம் பார்க்கிற ஆள். மூன்றாம் தடவை பார்க்க நேரம் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே சுபாஷின் அறைக்குப் போனாள். அறிவுமதியின் பேரை எடுக்காமல், யூன் சார் ஒத்துக்கொண்டார் என்று மட்டும் சொன்னாள். சுபாஷ் கதவைச் சாத்திவிட்டு, பொறுமையாகக் கேட்டார்.

“எந்த பாஷையில சொன்னாருக்கா?”

“கொரியன்ல.”

“உங்களுக்குக் கொரியன் எவ்ளோ தெரியும்?”

“அறுபது வார்த்த.”

சுபாஷ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் சிரித்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள். அவர் சிரிக்கவில்லை. “எழுதிக் குடுத்தாரா? குடுத்தாருன்னா சொல்லுங்க, இன்னைக்கே நானே ஸ்க்ரூவக் கழட்டறேன். அவரு ஃபிளைட் ஏறிட்டாருக்கா” என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த பிறகு, ஜெர்சியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தாள், சுபாஷின் கேள்வி, யூன் சார், அந்த இருபது நிமிஷம். ஜெர்சி பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

“நான் போவல. எனக்கு அந்த வேலயே வேணாம். அவன் கேட்டான்னா மூஞ்சிமேலயே உண்மைய சொல்லிட்டு வந்துருவேன்.”

“சொல்லிட்டு?”

“இன்னா சொல்லிட்டு?”

“சொல்லிட்டு இன்னா பண்ணுவே? நீ பாத்தியான்னு கேப்பாங்க. நீயும் பாக்கல, நானும் பாக்கல. பாத்தவன் பிளேன் ஏறிட்டான்.” ஷீபாவின் குரல் உடைந்தது, அதட்டிச் சரி பண்ணிக்கொண்டாள். “நாலு கம்பெனி வேணாம்னுட்டான். இதுக்குப் போ. கேட்டா, அவங்க கேக்கற பதில சொல்லிட்டு வந்து வேலயப் பாரு. ஆனா ஒண்ணு. மெஷினாண்ட போறப்போ எவன் சொன்னாலும் பூட்டு போடாம கைய வெக்காத. கொரியன் சொன்னாலும் சரி, சுபாஷ் சொன்னாலும் சரி. வேலய விட்டுத் துரத்தினா வூட்டுக்கு வா, நான் சோறு போடறேன். கைய மட்டும் வெக்காத.”

ஜெர்சி வெளியே போய்விட்டாள். அன்று முழுக்க அம்மாவிடம் பேசவும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலை, ஷீபா கிளம்புவதற்கு முன்னாலேயே சீருடை போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள். அது ஷீபா சொன்ன ஏற்பாடுதான். யார் பெண் என்று இப்போதே தெரிய வேண்டாம்.

பன்னிரண்டரை மணிக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் தாளின் முன்னால் வந்து நின்றார்கள். ஷீபா அன்று ஃப்ரீஸர் அறைக்குப் போகவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சோற்றுப் பாத்திரத்தின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெர்சி கடைசி வரிசை.

சுபாஷ் மீசைக்காரனின் படத்தைக் குச்சியால் தொட்டார். சனிக்கிழமை கேட்டது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். குரலில் வழக்கமான வேகம் இல்லை. ஆனாலும் கேட்டார்.

“இவர் பண்ண தப்பு இன்னா?”

புதுசுகள், வாய் திறக்கப் பயந்தார்கள். ஒருவரும் பேசாததால் சுபாஷ் வரிசையை நோட்டம் விட்டார்.

“கடைசியில நிக்கற பொண்ணு. நீ படிம்மா. படிச்சிட்டுச் சொல்லு.”

ஜெர்சி தாளைப் படித்தாள். மூன்று வரிதான், ஆனால் ரொம்ப நேரம் படித்தாள். ஷீபாவின் கையில் இருந்த மூடி பாத்திரத்தில் இடித்துச் சத்தம் போட்டது.

“லாக் போடல சார்.”

“ஏன் போடல?”

“அலட்சியம் சார்.”

சுத்தமாக, தடுமாறாமல், கேன்டீன் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். சுபாஷ், “வெரி குட், கை தட்டுங்க” என்றார். இருபத்தொரு பிள்ளைகளும் தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலுக்கு நடுவே ஜெர்சி திரும்பி, கண்ணாடிக்கு அப்பால் அம்மாவைத் தேடினாள். கண் இரண்டும் காய்ந்து கிடந்தது.

ஷீபா, சரியாகச் சொன்னாய் என்று தலையை ஆட்டினாள்.